ஓமந்தூரார் விட்டுச்சென்ற வழக்குகள்

சென்னை அண்ணா சாலையில் "ஓமந்தூரார்" என்றால் இன்றைக்கு ஆஸ்பத்திரி என்றுதான் பொருள். 2010 மார்ச் 13 அன்று தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டு, 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மறுபடி திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடம் நிற்கும் இடம் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். கட்டடம் யாருடைய சாதனை, யாருடைய பிடிவாதம் என்று இரண்டு கட்சிகள் வழக்காடிய காலமெல்லாம் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் ஓயாமல் அடிபட்டது. பெயருக்குரிய மனிதரைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் உள்ள ஓமந்தூர் என்ற கிராமத்தில் 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்து, 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்தவர் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். நாடு விடுதலை பெற்ற நாளில் கோட்டையில் இருந்தவர் அவர்தான். அவரைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு செய்திதான் தெரியும்: நேர்மையானவர், யார் சிபாரிசுக்கும் வளையாதவர், பதவி போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடலூருக்குப் போய்விட்டவர்.

இந்த நற்சான்றிதழ் பொய்யில்லை. ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தே அவர் செய்த வேலையை மறந்துவிட்டோம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒருவரை நல்லவர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அவர் என்ன செய்தார், அது யாரைப் பாதித்தது, எங்கே தவறினார் என்றெல்லாம் விசாரிக்க வேண்டிய தேவை இருப்பதில்லை. ஓமந்தூராரின் இரண்டு ஆண்டு, பதினான்கு நாள் ஆட்சியை அவருடைய குணநலன்களை வைத்து எடைபோடுவதைவிட, அந்த ஆட்சி கிளப்பிவிட்ட வழக்குகளை வைத்து எடைபோடுவதே பொருத்தம். கோயில் வாசல், மடத்துச் சொத்து, ஜமீன் நிலம், கல்லூரி இடம் என்று நான்கு பரம்பரை உரிமைகளில் ஒரே நேரத்தில் அவர் அரசு கைவைத்தது. அந்த நான்கும் அடுத்த பத்தாண்டுக்குள் நீதிமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போய், இந்திய அரசியல் சட்டத்தின் போக்கையே மாற்றின. அவருடைய உண்மையான இடத்தை அங்கேதான் தேட வேண்டும்.

அவர் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தென்னார்க்காடு மாவட்டத்தின் வடகோடியில், ஏரிப் பாசன நெல்லும் மானாவாரி மல்லாட்டையும் விளையும் பூமியில், தெலுங்கு வழிவந்த ரெட்டியார் குடும்பத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். காந்தியின் அழைப்பில் காங்கிரசுக்கு வந்து மாவட்ட அளவில் வேரூன்றினார். மாகாண அரசியலின் முன்வரிசையில் ராஜாஜி, சத்தியமூர்த்தி, பிரகாசம், காமராஜர் என்று பெயர்கள் முழங்கிய காலத்தில் அவர் பெயர் பெரிதாகக் கேட்கவில்லை. 1946 தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றதும் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் பிரதமரானார். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரான காமராஜருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஓராண்டு முடிவதற்குள் சட்டமன்றக் கட்சியின் ஆதரவை இழந்து பிரகாசம் இறங்கினார். அந்த வெற்றிடத்தில்தான் ராமசாமி ரெட்டியார் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ் மாவட்டத்துக்காரர், தெலுங்குக் குடும்பத்தவர், பெரிய தலைவர்கள் யாருக்கும் போட்டியில்லாதவர். சமரச வேட்பாளர் என்றே எல்லோரும் கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரிசா எல்லையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வரை, மலபாரும் தென்கன்னடமும் பெல்லாரியும் அடங்க நீண்டிருந்த மாகாணம் அது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானமும் அதில் வந்து சேர்ந்தது. அதை ஆள வந்தவர் ஆள் அமைதியானவர் என்பதால் ஆட்சியும் அமைதியாக இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

முதலில் கோயில். ஆலயப் பிரவேசம் என்றதும் 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்ற நிகழ்ச்சியும், அதையொட்டி ராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சட்டம் செய்தது என்ன என்று உற்றுப் பார்க்க வேண்டும். கோயிலைத் திறந்துவிட விரும்பும் அறங்காவலருக்கு அது அனுமதியும் பாதுகாப்பும் தந்தது. வழக்கத்தை மீறினார் என்று அவர்மீது யாரும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் சாவி அவர் கையிலேயே இருந்தது. அவர் மனம் வைக்காவிட்டால் கதவு மூடியேதான் இருக்கும். 1947இன் சென்னை ஆலயப் பிரவேச அங்கீகாரச் சட்டம், அந்த ஆண்டின் 5ஆம் சட்டம், இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. எந்தச் சாதியில் பிறந்த இந்துவுக்கும் கோயிலுக்குள் போய் வழிபடும் உரிமை உண்டு என்று அது எழுதியது. தடுத்தால் குற்றம் என்றது. அறங்காவலரின் தயவாக இருந்தது பக்தனின் உரிமையாயிற்று. தென்கன்னடத்து மூல்கியில் இருந்த வெங்கடரமணர் கோயிலின் கௌட சாரஸ்வதப் பிராமணர்கள், இது எங்கள் சமூகத்துக்கே உரிய கோயில், இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வழக்காடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு மதப் பிரிவு தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை பெரிதா, எல்லா இந்துக்களுக்கும் பொதுக் கோயில்களைத் திறந்துவிடும் அரசின் அதிகாரம் பெரிதா என்ற கேள்விக்கு 1957இல் விடை வந்தது. குறிப்பிட்ட சில சடங்குகளைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம், வாசலை மூட முடியாது என்பது அந்த விடையின் சாரம். கோயில் நுழைவு பற்றி இன்று எந்த நீதிமன்றத்தில் வாதம் நடந்தாலும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் நடப்பதில்லை.

அதே 1947ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று நிறைவேறியது தேவதாசி ஒழிப்புச் சட்டம். கோயிலில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டினால், அதன் பிறகு அவளுக்கு மனிதக் கணவன் கிடையாது. அவள் தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் பின்னாளில் விரும்பி ஒருவரை மணந்தாலும் அந்தத் திருமணத்துக்கு மதிப்பில்லை என்பது வழக்கம். சட்டம் பொட்டுக் கட்டுவதைக் குற்றமாக்கியது. ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்டவர் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும் சொன்னது. இரண்டாவது பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. இதன் முழுப் பெருமையையும் ஓமந்தூராருக்குத் தருவது அநியாயம். இருபது ஆண்டு இதற்காக வாதாடியவர் முத்துலட்சுமி ரெட்டி. அதேபோல இதன் விளைவெல்லாம் நன்மைதான் என்பதும் முழு உண்மையாகாது. பெண்வழிச் சொத்துரிமை, எழுத்தறிவு, இசையும் நடனமும் தந்த பொதுவாழ்வு ஆகியவை இந்தப் பெண்களுக்கு இருந்தன. சட்டம் இழிவைத் துடைத்தபோது பிழைப்பும் சேர்ந்து போயிற்று; கலை மட்டும் வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் இந்தச் சீர்திருத்த முயற்சிகளை முன்பே எதிர்த்ததில் நியாயமும் கலந்திருந்தது. எனினும், ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் அவள் சம்மதம் கேட்காமல் சடங்கு ஒன்று முடிவுசெய்வதை அரசு பார்த்துக்கொண்டிருக்கலாமா என்ற கேள்விக்கு அந்த நியாயங்கள் விடையாகா. விடுபட்டவர்களின் பிழைப்புக்கு அரசு வழிசெய்யாதது குறை, விடுவித்தது குறையாகாது.

அடுத்து நிலம். 1802இல் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த நிரந்தர ஏற்பாட்டின்படி ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் மாறாத தொகை. விளைநிலம் பெருகினாலும் விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. ஆனால் குடியானவன் ஜமீனுக்குக் கட்டும் தீர்வையும் வாரமும் அப்படி நிலைத்து நிற்கவில்லை. இடைப்பட்ட தொகை அரண்மனைக்குப் போயிற்று. வரப்புக்கு அந்தப் பக்கம் ரயத்துவாரி கிராமத்தில் பட்டாதாரர் சர்க்காருக்கு நேரடியாகக் கிஸ்தி கட்டுவார். இந்தப் பக்கம் அதே மண்ணுக்கு ஜமீன் குடி அதைவிட அதிகமாகக் கொடுப்பார். 1947இல் வந்த தீர்வைக் குறைப்புச் சட்டம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ரயத்துவாரி கிராமத்து அளவுக்கு ஜமீன் தீர்வையை இறக்கியது. 1948இன் 26ஆம் சட்டம் ஜமீன்களையே ஒழித்து ரயத்துவாரியாக்கியது. இந்த மாற்றத்தில் ஒரு காட்சி உண்டு. பத்தாண்டுக்கு முன், 1937 வரை, இதே மாகாணத்தின் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் பொப்பிலி ராஜா, அதாவது ஒரு ஜமீன்தார். இப்போது அதே நாற்காலியிலிருந்து ஜமீன்களை முடித்துவைத்தவர் பட்டா நிலத்து மாவட்டமான தென்னார்க்காட்டின் குடியானவர். இதையும் அவர் தனியாகச் செய்துவிடவில்லை. 1938இலேயே பிரகாசம் தலைமையில் அமைந்த குழு ஜமீன் நிலவரத்தை ஆராய்ந்து வழிகாட்டியிருந்தது. வருவாய்த்துறை கலா வெங்கடராவ் கையில் இருந்தது. சட்டத்தின் எல்லையும் தெரிந்ததுதான். ஜமீன்தாருக்கு இழப்பீடு கிடைத்தது. பண்ணை நிலம் அவர் பெயரிலேயே பட்டாவாயிற்று. கூலிக்கு உழுதவருக்கு ஒரு குழி நிலமும் வரவில்லை. நடுவில் இருந்தவரை நீக்கிய சட்டமே தவிர, அடியில் இருந்தவரை மேலேற்றிய சட்டமில்லை.

நான்காவது செய்கைதான் அவருக்கு அதிகப் பகையைத் தேடித் தந்தது. வகுப்புவாரி உத்தரவு நீதிக்கட்சிக் காலத்துச் சங்கதி. 1920களின் இறுதியில் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறைப்படி, அரசுப் பணியில் பன்னிரண்டு இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதன் குறையை இருபது ஆண்டு அனுபவம் காட்டியிருந்தது. "பிராமணரல்லாதார்" என்ற ஒரே குடைக்குள் முன்னேறிய வேளாளரும் முதலியாரும் ரெட்டியாரும் நின்றுகொள்ள, பின்தங்கிய சாதிகள் மழையில் நனைந்தன. 1947 நவம்பரில் வந்த திருத்தம் பன்னிரண்டைப் பதினான்காக்கியது. பிராமணரல்லாதார் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம் 1. பிற்பட்டோர் என்று தனியாக ஒரு பங்கு வகுக்கப்பட்டது இதில்தான். இன்றைய தமிழக இடஒதுக்கீட்டின் முதுகெலும்பான பிரிவு அன்று பிறந்தது. அதைப் பிறப்பித்தவரே அந்தக் குடைக்குள் வசதியாக நின்ற ஒரு சமூகத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "தாடியில்லாத ராமசாமி நாயக்கர்" என்று எதிராளிகள் அவரை ஏசியதாக ஒரு சொல் இன்றும் வழங்குகிறது. பெயர்ப் பொருத்தத்தில் பிறந்த அந்தக் கேலி, எதிர்ப்பின் சூட்டைக் காட்டுகிறது.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் கேலி செய்தவர்களும் கொண்டாடியவர்களும் கவனிக்காத ஒன்று தெரியும். பன்னிரண்டில் இரண்டு என்பது பதினான்கில் இரண்டாகியதால் பிராமணர் பங்கு ஆறில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாகக் குறைந்தது, சிறு இறக்கம். தாழ்த்தப்பட்டோர் பங்கு பன்னிரண்டில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாக ஏறியது, பெரிய ஏற்றம். உண்மையான சரிவு முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும்தான். ஆறில் ஒன்றாக இருந்தது பதினான்கில் ஒன்றாயிற்று. மக்கள்தொகை விகிதத்துக்கு அதுவே நெருக்கம் என்று வாதிடலாம். மாகாணத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். ஆனாலும் நாடு பிளவுபட்ட அதே ஆண்டில், தனித்தொகுதியும் முஸ்லிம் லீக்கும் வலுவிழந்த அதே வேளையில், அந்த வெட்டு விழுந்தது தற்செயல் என்று சொல்வது கடினம். பேசத் தெம்புள்ளவர்கள் சிறிய இழப்புக்குக் குரல் எழுப்பினார்கள். வாயடைத்துப் போயிருந்தவர்கள் பெரிய இழப்பை விழுங்கிக்கொண்டார்கள். சமூகநீதி வரலாற்றில் இந்த உத்தரவுக்குப் பெருமையான இடம் தரும்போது இந்தப் பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

இப்போது இவற்றின் பின்விளைவை ஒன்றுசேர்த்துப் பார்ப்போம். பதினான்கு இடக் கணக்கின்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் இடம் ஒதுக்கியது செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதத்தில், 1951 ஜூன் 18 அன்று, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்ட வகுப்பினருக்குத் தனிச்சலுகை தரலாம் என்ற 15(4) பிரிவு அதில் பிறந்தது. அதே திருத்தம் நிலச்சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்திலிருந்து காப்பாற்ற ஒன்பதாவது அட்டவணையை உண்டாக்கியது. முதலில் அதில் இடம்பெற்ற பதின்மூன்று சட்டங்களுள் சென்னையின் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமும் ஒன்று. திருத்தத்தின் மூன்றாவது கால் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிப்பது. அதற்கு ஒரு காரணமான ரொமேஷ் தாப்பர் வழக்கும் சென்னையிலிருந்தே போயிற்று. பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் "கிராஸ் ரோட்ஸ்" வார ஏட்டை ஓமந்தூராருக்குப் பின்வந்த அரசு தடுத்தது. ஆனால் அந்த வகைச் சட்டத்தை அன்றாடக் கருவியாகப் பழக்கியதில் அவர் ஆட்சிக்கும் பங்குண்டு. மடங்களையும் கோயில்களையும் அரசுக் கண்காணிப்பில் கொண்டுவரும் மசோதா 1949இல் சட்டமன்றத்துக்கு வந்து, 1951இல் இந்து அறநிலையச் சட்டமாயிற்று. அதை எதிர்த்துச் சிரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், மதத்தின் இன்றியமையாத பகுதி எது, அரசு தொடக்கூடிய பகுதி எது என்ற பாகுபாடு. சபரிமலை வரை இன்றும் நீதிபதிகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். இரண்டே ஆண்டு நீடித்த ஒரு மாகாண அமைச்சரவையின் காலத்துக்கு இத்தனை நூல்கள் போய் முடிச்சாவது அபூர்வம்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இவையெல்லாம் காங்கிரஸ் கட்சியின் பழைய வேலைத்திட்டம். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் வந்திருக்கும். ஓமந்தூரார் கையெழுத்துப் போட்டவர்தானே என்பார்கள். பாதி சரி. ஜமீன் ஒழிப்பும் மதுவிலக்கும் வேறு மாகாணங்களிலும் வந்தன. ஆனால் வேலைத்திட்டத்தில் இருப்பதும் சட்டப் புத்தகத்தில் ஏறுவதும் ஒன்றாகிவிடாது. ஆலயப் பிரவேசம் எட்டு ஆண்டாக அறங்காவலர் தயவில் நின்றது. தேவதாசி மசோதா பதினேழு ஆண்டுக்கு முன்பே முத்துலட்சுமி ரெட்டியால் முன்வைக்கப்பட்டது. பிரகாசம் குழுவின் பரிந்துரை பத்தாண்டு தூங்கியது. எல்லாம் ஒரே பதினெட்டு மாத இடைவெளியில் நகர்ந்ததற்கு விடுதலையின் வேகம் ஒரு காரணமென்றால், யாருடைய மனத்தாங்கலுக்காகவும் கோப்பை நிறுத்திவைக்காத ஒருவர் மேலே இருந்தது இன்னொரு காரணம். பிற்பட்டோர் பங்கோ எந்தக் காங்கிரஸ் வேலைத்திட்டத்திலும் எழுதி வைத்ததில்லை. டெல்லிக்கு அது பிடித்தமான முடிவாகவும் இருந்திருக்காது. எனவே அவருக்கு உரிய பங்கு, புதிய கருத்துகளைக் கண்டுபிடித்தவர் என்பதில்லை. தேங்கிக் கிடந்தவற்றைத் திறந்துவிட்டவர் என்பது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இதே அரசுதான் 1948 மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. இதே அரசில் கல்வியமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில்தான் அந்த ஆண்டு பள்ளிகளில் இந்தி மறுபடி நுழைந்தது. பெரியாரும் அண்ணாவும் மறியலில் இறங்கினார்கள். கவர்னர் ஜெனரலாக ராஜாஜி சென்னைக்கு வரும் வேளையில் கருப்புக்கொடி காட்டவிருந்த பெரியார் முன்கூட்டியே கைதானார். கம்யூனிஸ்டுகள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்கள். இதை ஆதரவாளர்கள் அவசரமாகத் தாண்டிப் போவதும், எதிர்ப்பாளர்கள் இதை மட்டுமே பேசுவதும் வழக்கம். எல்லையில் ரஜாக்கர் தொல்லை, தெலங்கானா ஆயுதப் போராட்டம், காந்தி கொலைக்குப் பிந்தைய பதற்றம் என்று நிலைமையைக் காட்டி ஓரளவு விளக்கலாம், நியாயப்படுத்த முடியாது. சீருடை அணிந்த தொண்டர்களைக் கண்டு அஞ்சிய அரசு, அந்தத் தொண்டர்கள் கேட்டதில் ஒரு பகுதியைத் தானே சட்டமாக்கிக்கொண்டிருந்தது. இதை முரண்பாடு என்று மட்டும் சொல்லி விடுவதைவிட, ஒரு மனப்பாங்கு என்று படிப்பது பொருந்தும். நல்லது எது என்று தனக்குத் தெரியும், அதைச் சட்டத்தால் செய்துவிடலாம், தெருவில் இறங்கிக் கேட்பவர் இடைஞ்சல் என்ற மனப்பாங்கு அது. சாதி வழக்கத்தை உடைக்க உதவிய அதே உறுதி, எதிர்க்குரலைக் கேட்கவிடாமல் காதையும் அடைத்தது. தமிழுக்கு அவர் அரசு பகையும் இல்லை. பாரதியின் படைப்புரிமையை 1949இல் அரசு பெற்றுப் பொதுச்சொத்தாக்க வழிவகுத்ததும், தமிழ்க் கலைக்களஞ்சியப் பணிக்குத் துணைநின்றதும் அதே அவினாசிலிங்கமும் அதே அமைச்சரவையும்தான்.

இந்த மனப்பாங்கின் வரம்பு மதுவிலக்கில் நன்றாகத் தெரியும். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் பரவியது. ஆனால் ஓமந்தூர் வழியாகவே போகும் அந்தச் சாலையின் மறுமுனையில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. அங்கே சாராயத்துக்குத் தடையில்லை. 1954 வரை வேற்று நாடு, பிறகும் வேற்று ஆட்சிப் பகுதி. சென்னைச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் எல்லை கடக்கும் குடுவையை அது நிறுத்திவிடவில்லை. கோயில் கதவைத் திறக்கச் சட்டம் போதும். திறந்த பிறகு உள்ளே போக ஆள் காத்திருந்தது. குடியை நிறுத்த அப்படி மறுபக்கத்தில் காத்திருந்தவர் யாருமில்லை. ஓமந்தூரார் 1970 ஆகஸ்ட் 25 அன்று கண்மூடினார். ஓராண்டு கழித்து, 1971 ஆகஸ்ட் கடைசியில், தமிழக அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. அவர் காலத்துச் சட்டங்களில் பயனாளிகள் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கியவை நிலைத்தன. ஒழுக்கத்தை மட்டும் விதித்தது நிலைக்கவில்லை.

அவர் பதவியிழந்த கதைக்கும் இதுவே திறவுகோல். சிபாரிசுக் கடிதத்தோடு வந்த எம்.எல்.ஏ.க்களை அவர் திருப்பி அனுப்பினார், அதிகாரிகளின் வேலையில் கட்சிக்காரர் தலையிடக்கூடாது என்றார், அதனால் கட்சி அவரைக் கைவிட்டது என்று சொல்வார்கள். 1949 ஏப்ரலில் சட்டமன்றக் கட்சி பி. எஸ். குமாரசாமி ராஜாவைத் தேர்ந்தெடுத்தது. இதை நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்று வருணிப்பது சுகமாக இருக்கும், ஆனால் அரைகுறை. கட்சிக்காரர் கேட்பதெல்லாம் சொந்தக் காரியம் என்று கொள்ள முடியாது. தொகுதிக்கு ஒரு பாலம், பஞ்சாயத்துக்கு ஒரு கிணறு, பாதிக்கப்பட்ட குடிக்கு ஒரு விசாரணை என்று மக்களின் தேவையும் அந்த வழியாகத்தான் கோட்டைக்கு வரும். சிபாரிசையும் முறையீட்டையும் அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐந்து ஆண்டு கழித்து முதலமைச்சரான காமராஜர், தனக்காக எதையும் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தபடியே, கட்சிக்காரரைக் கேட்டு, அணைத்து, அடக்கி ஒன்பது ஆண்டு ஆண்டார். நேர்மையும் அரசியலும் சேர்ந்து இருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஓமந்தூரார் பரம்பரை உரிமை உள்ளவர்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டார். பயன்பெற்றவர்களை ஓர் அணியாகத் திரட்டவும் இல்லை. ஜமீன்கள் கைமாறத் தொடங்கியதே அவர் இறங்கிய பிறகு, 1949 செப்டம்பரில்தான். அறுவடை வரும்போது விதைத்தவர் களத்தில் இல்லை.

அவர் போய்ச்சேர்ந்த இடம் வடலூர். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் தருமசாலையும், 1872இல் எழுந்த சத்திய ஞான சபையும் உள்ள ஊர். சாதி பார்க்காத பந்தி அங்கே ஒரு சட்டத்தால் வந்ததில்லை. அந்தச் சன்மார்க்கத்தில் ஊறிய பக்தர்தான் ஓமந்தூரார். கல்வி நிலையங்களுக்கும் ஆதரவற்றோருக்கும் உழைத்து அங்கேயே இறந்தார். இதைத் துறவு என்று சொல்வதைவிட, முன்பு செய்ததன் தொடர்ச்சி என்று பார்க்கலாம். கோயில் கதவையும் மடத்துக் கணக்கையும் திறந்தவர் கடவுளை மறுத்தவரில்லை. கடவுளுக்குக் காவற்காரர் தேவையில்லை என்று நம்பியவர். "தாடியில்லாத நாயக்கர்" என்ற கேலி இங்கேதான் குறி தவறுகிறது. பெரியார் வெளியிலிருந்து இடித்த சுவரை இவர் உள்ளிருந்து திறந்தார். உள்ளிருந்து திறந்தவர் என்பதால்தான் ஆத்திகர்களுக்கு அவர் துரோகியாகவும், நாத்திகர்களுக்கு அரைகுறையாகவும் தெரிந்தார். இரு சாராரும் சொந்தம் கொண்டாடாத ஒருவரை வரலாறு "நேர்மையானவர்" என்ற பொதுப் பெட்டியில் போட்டு மூடியது.

ஆகவே அவர் ஊரில் உள்ள மணிமண்டபமும் சென்னையில் உள்ள தோட்டமும் அவரை நினைவூட்டப் போதுமானவையா என்று கேட்டால், போதாது. அவரை நினைக்கச் சரியான இடம் அரசிதழும் தீர்ப்புத் திரட்டும்தான். அவர் பிறந்த மண் இன்று விழுப்புரம் மாவட்டம். 2023 ஜூனில் அதே மாவட்டத்தின் மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் வருவதை ஒரு தரப்பு எதிர்க்க, வருவாய்த்துறை அதிகாரிகள் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். 1939இன் சட்டம் சாவியை அறங்காவலரிடம் விட்டது. 1947இன் சட்டம் அதை அவர் கையிலிருந்து வாங்கி வாசலில் நிற்பவரிடம் கொடுத்தது. எழுபத்தாறு ஆண்டு கழித்து, உரிமை உள்ளவருக்கும் உரிமையைத் தடுப்பவருக்கும் நடுவில் நின்ற அரசு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டது. ஓமந்தூரார் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை இந்தச் செய்கையால் நமக்குச் சங்கடமில்லை. அவர் எழுதிவைத்தது என்ன என்று படித்துப் பார்த்தால்தான் சங்கடம் தொடங்கும்.